மார்க் பழைய மாதிரியே இருக்கட்டும்

ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். குன்னூரில் டீ ஏற்றுமதிக்காரர்கள் கூடுகிற கூட்டமாம். வல்லரசுகளின் போட்டியில் நம் தேயிலை என்று ஏதோ தலைப்பாம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிவேதாதான் போன் செய்தாள்.

"அக்கா, நீங்க ஈரான் டைம்ல டாக்குமென்ட் பாத்தவங்க. அப்ப எப்படிங்க சமாளிச்சீங்க? அதைச் சொன்னாப் போதும். எங்களுக்கு இப்ப தலைவலியே அதுதானுங்க."

சமாளித்தோம் என்று இவளுக்கு யார் சொன்னது? முட்டி வலி, மேடை ஏற முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முட்டி வலி பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல் அன்றிலிருந்து என்னை உட்கார விடவில்லை. அதனால் எழுதுகிறேன். மேடையில் சொல்லக்கூடிய விஷயமாக இது இருக்காது.

என் அப்பா பெர்ன்ஹில்லில் சர்ச் பள்ளிக்கூட வாத்தியார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு குன்னூரில் ஒரு டீ ஏற்றுமதி கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டார். கார்பன் தாள் வைத்து ஆறு காப்பி அடிப்பதில் தொடங்கி, டாக்குமென்ட் செக்‌ஷனுக்கே பொறுப்பாக ஆனது வரை முப்பத்தெட்டு வருடம். முதல் இருபது வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டைப் அடித்தேன், திட்டு வாங்கினேன், கல்யாணம் ஆனது, மறுபடி டைப் அடித்தேன்.

வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டீ மூட்டை கப்பலில் போகும். பணம் மூட்டையைப் பார்த்து வராது, காகிதத்தைப் பார்த்துத்தான் வரும். இன்வாய்ஸ், மூட்டைப் பட்டியல், இந்தச் சரக்கு இந்தியாவில் விளைந்தது என்கிற சான்று, பூச்சி இல்லை என்கிற சான்று, கப்பல்காரன் தரும் ரசீது. ஐந்திலும் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் கமா இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் பேங்க் திருப்பி அனுப்பும். நான் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால்கூட என் கணவர் சிரிப்பார், அவ்வளவு கமா போடுவேன்.

எனக்கு மேலே இருந்தவர் வேணுகோபால் சார். ஏற்றுமதி மேனேஜரும் அவர்தான், டீ ருசி பார்ப்பவரும் அவர்தான். ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, துப்பி, அடுத்த கோப்பைக்குப் போவார். ஆனால் பேசும்போது பக்கத்தில் நின்றால்தான் காதில் விழும். எந்த டீயையும் நல்லது என்று சொல்லமாட்டார். 'பரவால்ல' என்றுவிட்டால் அந்தத் தோட்டக்காரர் அன்றைக்கு வடை வாங்கித் தருவார். அவர் மேசையில் பென்சில்தான் இருக்கும். பேனாவை எடுத்தால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

அவர் எனக்கு இரண்டு விதி சொல்லித் தந்தார். ஒன்று: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. கேக்காததுக்குச் சொன்னா அது வாக்குமூலம்." இரண்டு: போனில் எதைச் சொன்னாலும் அன்று மாலைக்குள் அதை ஒரு சீட்டில் எழுதி, ஃபேக்டரிக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கி வை. "காதுல விழுந்தது ஒண்ணு, வாயில வந்தது ஒண்ணு, கையில எழுதுனது ஒண்ணுன்னு இருக்கும். கையில எழுதுனதுதான் நிக்கும்" என்பார். அந்தச் சீட்டை ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. ஒரு நாளைத் தவிர.

ஈரானுக்குப் போகும் டீ வேறு. நம் ஊர்க் கடைகளில் போடுவது குருணை. அவர்கள் குடிப்பது முழு இலையாகச் சுருட்டிக் காயவைத்தது. அதற்கு மெஷினும் வேறு, பக்குவமும் வேறு. குந்தா பக்கம் ஒரு சின்ன ஃபேக்டரி வைத்திருந்த பெள்ளி அண்ணன், எங்கள் கம்பெனி கொடுத்த தைரியத்தில், பூர்வீக நிலத்தில் ஒரு பகுதியை விற்று அந்த மெஷின்களைப் போட்டார். தைரியம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. "அண்ணா, அவங்க டீ குடிக்கிறத நிறுத்தவே மாட்டாங்க" என்று நானே சொன்னேன். அது உண்மைதான். அவர்கள் நிறுத்தவில்லை.

ஒரு முறை ஈரானிலிருந்து வாங்குகிறவரே வந்தார். ஹுசைனி என்று பெயர், பெரியவர். அவரைக் குந்தாவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அதன் வழியாக டீயை உறிஞ்சினார். பேக்கிங்கில் இருந்த சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு கட்டி கொடுத்தார். பிறகு ஒரு தாளில் தன் கடையின் அடையாளத்தை, அவர்கள் எழுத்தில், வரைந்து காட்டினார். சரசு அதை டின் தகட்டில் வெட்டி எடுத்தாள். ஒரு எழுத்து தெரியாது அவளுக்கு, ஆனால் ஒரு வளைவு தப்பவில்லை. அன்றிலிருந்து அவருக்குப் போகும் ஒவ்வொரு சாக்கிலும் அந்தத் தகட்டை வைத்து மை அடித்து அனுப்புவது அவள் வேலை. சாக்குகளைத் துறைமுகத்தில் பார்த்ததும் ஆட்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ஹுசைனி சொல்லி அனுப்பினார். அதைச் சொன்னபோது அவளுக்கு வந்த சந்தோஷம் போனஸ் வந்தபோதுகூட வந்ததில்லை.

சரசுவின் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்ததில் இந்தப் பக்கம் விழுந்தவர்கள். வந்தபோது அவளுக்கு மூன்று வயது. கணவர் இல்லை. ஃபேக்டரி கொடுத்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஓர் அறையில், பிளஸ் டூ படிக்கும் மகள் ரம்யாவோடு இருந்தாள்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் 'மார்க்' என்றால் இரண்டு. தோட்டம் அல்லது ஃபேக்டரியின் பெயரும் ஒரு மார்க். ஏலத்திலும் இன்வாய்ஸிலும் அந்தப் பெயரில்தான் டீ விற்கும். வாங்குகிறவருக்காகச் சாக்கின் மேல் அடிப்பதும் மார்க். நாங்கள் இரண்டையும் வெறும் மார்க் என்றுதான் சொல்வோம். எது என்பது பேச்சிலேயே புரிந்துவிடும். அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அமெரிக்கா ஈரான் மேல் தடை போட்டது. முதலில் எங்களுக்கு அது உறைக்கவில்லை. நம் நாடு அவர்களிடம் எண்ணெய் வாங்கியது; அதற்கான காசை ரூபாயாக இங்கேயே ஒரு பேங்கில் போட்டது; டீயும் அரிசியும் அனுப்பியவர்களுக்கு அதிலிருந்து பணம் வந்தது. டாலர் கண்ணில் படாமல் காரியம் நடந்தது. பிறகு எண்ணெய் வாங்குவதையும் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். தொட்டியில் தண்ணீர் விழுவது நின்றால் குழாயில் எத்தனை நாள் வரும்?

இதில் கொடுமை என்னவென்றால், டீ தடையிலேயே இல்லை. சாப்பாட்டுச் சாமானுக்குத் தடையில்லை என்று தடை போட்டவர்களே எழுதி வைத்திருந்தார்கள். டெல்லியில், நம் நலனை நாமே முடிவு செய்வோம் என்று பேசினார்கள். நான் அது வந்திருந்த பேப்பர் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் பேங்குக்குப் போனேன். அங்கே இருந்த ஆபீசர் நல்ல மனிதர், கோயம்புத்தூர்க்காரர்.

"ஏனுங்க மேடம், பேப்பர்ல வர்றது பேப்பருக்குங்க. எங்களுக்கு அமெரிக்காவுல பிராஞ்ச் இருக்குதுங்க. ஈரான்னு ஒரு எழுத்து இருந்தாலே மேல இருக்கறவங்களுக்கு வேர்த்துருது" என்றார்.

"சட்டப்படி தப்பில்லீங்களே."

"தப்பில்லீங்க. ஆனாச் செய்ய முடியாதுங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எந்த நாட்டுச் சட்டம் எங்கள் பேங்க் கவுன்ட்டரில் நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அன்று முழுதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது சத்தம் போடும்.

பெள்ளி அண்ணன் ஃபேக்டரியில் இலை வந்துகொண்டே இருந்தது. கொழுந்துக்குத் தடை தெரியாது. அப்போது துபாயில் ஒரு வியாபாரி கிடைத்தார். அவர் வாங்குவார், அங்கிருந்து எங்கே போகும் என்று நாங்கள் கேட்கக்கூடாது. கேட்காமலே எங்களுக்குத் தெரியும். பேங்க் பாரத்தில் 'உங்களுக்குத் தெரிந்தவரை கடைசியாகச் சேரும் இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. வேணு சார் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். முப்பது வருடத்தில் அவர் அத்தனை நேரம் உருட்டி நான் பார்த்ததில்லை.

"துபாய்" என்றார் கடைசியில்.

"சார், நமக்குத் தெரிஞ்சவரைன்னு கேட்டிருக்காங்க."

"நமக்குத் துபாய் வரைக்கும்தான் தெரியும். தெரியும்."

கடைசிச் சொல்லை இரண்டு தரம் சொன்னால் அதற்கு மேல் பேசக்கூடாது என்று பொருள். துபாய் என்று அடித்தேன். பிறகு அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "இந்தச் சரக்கு விஷயமா எதையும் எழுதி வைக்காதம்மா. சீட்டு வேண்டாம். போன்ல சொல்லு, போதும். சாக்கு மொட்டையாப் போகட்டும், நம்பர் மட்டும் இருக்கட்டும்."

அவர் சொன்ன விதியை அவரே எடுத்துவிட்டார். நானும் சரி என்றேன்.

குந்தாவுக்குப் போன் போட்டேன். சூப்பர்வைசர் மெஷினில் இருந்தார், சரசு எடுத்தாள். லைனில் மெஷின் சத்தம். என் முன்னால் இன்வாய்ஸ் பாதியில் நின்றது. முந்தின நாள்தான் பெள்ளி அண்ணன், தன் ஃபேக்டரியின் பெயரையும் மாற்றிவிடலாமா, வேறு பெயரில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று சார் முடிவு செய்திருந்தார். என் தலையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"மார்க் எப்படிங்கம்மா போடறது?" என்று சரசு கேட்டாள்.

"மார்க் பழைய மாதிரியே இருக்கட்டும் சரசு. மத்ததெல்லாம் பேப்பர்ல நான் பாத்துக்கறேன்."

"சரிங்கம்மா. நல்லதாப் போச்சு" என்றாள். அவள் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஃபேக்டரியின் பெயருக்கு அவள் ஏன் சந்தோஷப்பட வேண்டும்? சாக்கு மொட்டையாகப் போக வேண்டும் என்பதைச் சொல்ல வந்தேன். அதற்குள் கொச்சியிலிருந்து கப்பல் ஏஜென்ட் இன்னொரு லைனில் கூப்பிட்டார். இதை வைத்துவிட்டேன். வழக்கமான நாளாக இருந்தால் மாலையில் சீட்டு எழுத உட்கார்ந்திருப்பேன், எழுதும்போது நினைவு வந்திருக்கும். அன்றைக்குச் சீட்டு கிடையாது. மறந்தே போனேன்.

துபாய்த் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்து யாரோ போட்டோ எடுத்தார்கள். காகிதத்தில் துபாய், சாக்கில் வரிசை வரிசையாக ஈரானில் மஷ்ஹத் நகரத்து ஹுசைனி கடையின் பெயர், பாரசீக எழுத்தில், அத்தனை அழகாக. பணம் கைமாறும் வழியில் இருந்த ஒரு வெளிநாட்டு பேங்க் அந்தப் போட்டோவை வைத்து எல்லாவற்றையும் நிறுத்தியது. துபாய் வியாபாரி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையைக் கழுவினார். அந்த வெயிலில் டீ மாதக்கணக்கில் கிடந்து குப்பையானது.

வேணு சார் என்னைக் கூட்டிக்கொண்டு குந்தாவுக்கு வந்தார். பேக்கிங் ரூமிலேயே விசாரணை. பெள்ளி அண்ணன் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் ஒரு ஓரம். சார் அந்தப் போட்டோவைச் சரசுவிடம் காட்டினார். அவள் முகம் முதலில் மலர்ந்தது. தன் வேலையை அடையாளம் கண்டுகொண்டாள். பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"இதை யாரும்மா போடச் சொன்னது?" என்றார் சார், மெதுவாக.

சரசு என்னைப் பார்த்தாள். சட்டென்று பார்த்துத் திரும்புகிற பார்வை இல்லை அது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது எனக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல் என்று படித்தவள் நான். கேள்வி என்னைக் கேட்கவில்லை. எழுதி வைத்த சீட்டும் இல்லை. கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நானாத்தாங்க போட்டேன், பழக்க தோஷம்" என்றாள் சரசு.

சார் தலையை ஆட்டினார். அவருக்குச் சந்தேகம் இருந்ததா? இருந்திருக்கும். அவர் டீயில் ஒரு துளி புகை வாசனையைக் கண்டுபிடிப்பவர். ஆனால் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால், சீட்டு எழுதாதே என்று சொன்னது யார் என்பதும் வந்திருக்கும்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அந்த அறையில் நின்று நேரிலேயே பார்த்தேன். பேங்குக்கு ஒரு பதில் போக வேண்டியிருந்தது: பொறுப்பில்லாத ஒரு பேக்கிங் தொழிலாளியின் தவறு, அவர் நீக்கப்பட்டார். அந்தக் கடிதத்தை அடித்தது நான். கமா எல்லாம் சரியாக இருந்தது.

வேலை போனால் லயத்து அறையும் போகும். ரம்யாவைப் பிளஸ் டூ நடுவில் நிறுத்தி, சரசு திருப்பூருக்குக் கூட்டிப் போனாள். அந்தக் கடிதத்தாலும் பயனில்லை. பேங்க் எங்களை அப்புறம் நம்பவே இல்லை. எங்கள் கம்பெனி பெள்ளி அண்ணனைக் கைவிட்டது. அந்த மெஷின்கள் பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வருடத்தில் அண்ணன் நெஞ்சு வலியில் போய்விட்டார். வேணு சார் கொரோனாவில் போனார். நான் மாலை போட்டு, பித்தளைத் தட்டு வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். நேர்மையான உழைப்பு என்று மேடையில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் நாட்டை ஏசிக்கொண்டே இத்தனை வருடம் ஓட்டினேன். ஒரு பக்கம் வீரம் பேசி மறுபக்கம் பணிந்து போகிறார்களே என்று பேப்பரை வீசி எறிவேன். என் கணவர் ஒரு நாள், "நீ யாரத் திட்டற மேரி?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மாதான் கேட்டார்.

நிவேதாவின் போன் வந்த மூன்றாம் நாள், சரசு நடுவட்டத்தில் தங்கை வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு பஸ் ஏறினேன். ஊசிமழை. ரோட்டோரக் கடைக்குப் பின்னால் தகரம் போட்ட வீடு. அவளுக்கு முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"திருப்பூர் வேலை என்னாச்சு சரசு?"

"நிப்பாட்டிட்டாங்கம்மா. நம்ம ஆளுக வேற நாட்டுல எண்ணெய் வாங்குனாங்களாமே, அதுக்குக் கோவிச்சுட்டு அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டானாம். பனியன் ஆர்டர் நின்னுபோச்சு. முதல்ல வயசானவங்களப் போகச் சொன்னாங்க. ரம்யா மட்டும் அங்கயே இன்னொரு கம்பெனில இருக்கா, பாதி நாள்தான் வேலை." ஏதோ பஸ் தவறியதைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "ஒரு தடவை எண்ணெய் வாங்காததால போச்சு, ஒரு தடவை வாங்குனதால போச்சு. நான் வீட்டுக்கு நல்லெண்ணெய்கூடக் கால் லிட்டருக்கு மேல வாங்குனதில்லீங்க."

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் டீ போட்டுக் கொடுத்தாள், கடைக் குருணை. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சரசு என்னைக் காப்பாத்துன? நான் போன்ல சொன்னதத்தான நீ செஞ்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். அதே பார்வைதான்.

"நான் எங்கங்கம்மா காப்பாத்துனேன்? படிச்சவங்க, சர்ச்சுக்குப் போறவங்க. நான் சொல்லி உங்களுக்கு அவமானம் வர வேண்டாம், நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அப்படிச் சொல்லிவச்சேன். கீழ மெயின் கேட்டு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனேன்."

ஆறு வருடமாக அவள் பெருந்தன்மையை நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். அது பெருந்தன்மை இல்லை. எனக்குக் கொடுத்த ஒரு வாய்ப்பு. அது எனக்குத் தெரியவே இல்லை.

"நான்தான் சரசு. நான்தான் போடச் சொன்னது" என்றேன்.

"எனக்குத் தெரியுமேங்கம்மா" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "தெரியாதவங்ககிட்டத்தானுங்க சொல்லணும். அவங்கல்லாந்தான் போய்ச் சேந்துட்டாங்களே."